வெறும் மிசினுக்கு அரைக்காசு

"நீ படிக்கிறதாலை ஆருக்கு என்ன லாபம்?" என்று மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதற்குப் பதில் சொல்லக் காத்திருந்தேன்.

அன்று அப்பாவும் நானும் காரைநகரில் வெங்காயம் இறக்கிவிட்டு, எங்கள் உழவு மிசினில் சுருவிலுக்குத் திரும்பினோம். வாகனங்களைக் கடல் கடத்தும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அதில் ஏறும்போது அப்பா வழக்கம்போல முழுக் கட்டணத்தையும் நீட்டினார். நான் கட்டணப் பலகையைப் பார்த்தேன். பாரம் இல்லாத வாகனத்துக்குப் பாதிதான்.

"அப்பா, வெறும் மிசினுக்கு அரைக்காசுதான். பலகையிலை எழுதிக் கிடக்கு. இவ்வளவு நாளும் பாக்கேல்லையே?" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

"என்ன அண்ணை, மகள் கணக்குக் கேக்கிறா!" என்று பின்னால் நின்ற லொறிச் சாரதி சிரித்தார்.

அப்பாவின் முகம் கறுத்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாதென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

காசு வாங்கப் புதிதாக வந்திருந்தவர் அப்பாவைப் பார்த்தார்.

"அவர் எப்பிடிப் பாக்கிறது தங்கச்சி? உப்புக்காத்திலை எழுத்தெல்லாம் அழிஞ்சு போச்சு. எனக்கே வாசிக்க ஏலாது," என்று மீதியைக் கொடுத்தார்.

"ஓம் ஓம், ஒண்டும் விளங்கேல்லை," என்றார் லொறிச் சாரதி அவசரமாக.

எழுத்துகள் பளிச்சென்று இருந்தன.

படித்த பெருமையில் நான் காணாததை அந்த மனிதர் ஒரு கணத்தில் கண்டுகொண்டார்.

போன ஞாயிறு பெயின்ற் வாங்கிக்கொண்டு போய், அவரிடம் கேட்டுப் பலகையைப் புதிதாக எழுதினேன். ஒவ்வொரு கட்டணத்துக்கும் பக்கத்தில் படம் கீறியிருக்கிறேன்: மூட்டை ஏற்றிய மிசின் ஒன்று, வெறும் மிசின் ஒன்று.