வராத வேகத்தடைக்கு ஒரு நன்றி போஸ்டர்

கருகிய தோசையைக் காசு கொடுத்து வாங்கித் தின்கிற ஜனம் உலகத்திலேயே எங்கள் செம்பருத்தி நகரில்தான் இருக்கும். காளவாசலிலிருந்து நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் போகிற ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே முத்துச்செல்வி அக்காவின் டிபன் கடை இருக்கிறது. அந்தச் சுவரை ஒட்டி என் ஜெராக்ஸ் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எனக்கு ரெண்டு தோசை வரும். மேலே பார்த்தால் வெள்ளைவெளேர் என்றிருக்கும், திருப்பிப் பார்த்தால் அடுப்புக்கரி. ஏன் இப்படி என்று சண்டைக்குப் போனால், "பள்ளிக்கூட நேரத்துத் தோசை அப்பிடித்தான் ரோகிணி. பதமா வேணும்னா வெள்ளனா வா" என்பார்.

வெள்ளனா எழுந்திருக்கிற ஆளாக இருந்தால் நான் ஏன் ஜெராக்ஸ் கடை வைக்கிறேன்.

அந்தக் கரிக்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூட மணிக்குச் சற்று முன்னால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கடை ஓரத்தில் வந்து கூடும். ரோட்டில் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, ஜல்லி லாரி எல்லாம் பின்னால் யாரோ விரட்டுகிற மாதிரி பறக்கும். அக்கா கல்லில் ஊற்றிய தோசையை அப்படியே விட்டுவிட்டு, தோசைக் கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய்விடுவார். "நிப்பாட்டுறியா, இல்ல வண்டிக் கண்ணாடியில ஊத்தப்பம் ஊத்தவா?" என்று ஒரே ஒரு கேள்விதான். வண்டியெல்லாம் நிற்கும். டவுன் பஸ் ஓட்டுகிற கண்ணுச்சாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நிப்பாட்டிட்டேன்க்கா, கரண்டிய எறக்கு" என்பார். கடைசிப் பிள்ளை கேட்டுக்குள் போகும் வரைக்கும் கரண்டி இறங்காது. திரும்பி வரும்போது தோசை கரியாகியிருக்கும். அது என் தட்டுக்கு வரும்.

அக்கா உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். புருஷன் சோணை அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். கடையில் சட்னி தீர்ந்துபோன ஒரு காலையில், எதிர்ப்பக்கம் தேங்காய் வாங்கப் போனவரை பைக் ஒன்று தூக்கி அடித்தது. காலுக்குள் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டோவை விற்றுவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பார்சல் கட்டுகிறார். ஒருநாள் பேச்சுவாக்கில் அக்கா என்னிடம் சொன்னார்: "அவரு விழுந்தப்ப நான் அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டு, தேங்கா வாங்க இம்புட்டு நேரமான்னு வஞ்சுக்கிட்டு இருந்தேன். எட்டிக்கூடப் பாக்கல." அந்த வாரம்தான் கரண்டியைத் தூக்க ஆரம்பித்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகும் நான் கருகல் தோசைக்குச் சண்டை போட்டேன். என் வாய் அப்படி.

போன ஆடியில் எங்கள் ரோட்டுக்கு வளர்ச்சி வந்தது. இன்ஜினியர் ஒருவர் சமுதாயக் கூடத்துக்கு வந்து படம் விரித்துக் காட்டினார். ரெண்டில் ஒன்றுதான் என்றார். ஒன்று, ரோட்டை ரெண்டு பக்கமும் சாக்கடை வரைக்கும் அகலப்படுத்துவது. இல்லையென்றால் பள்ளிக்கூட வாசலில் வேகத்தடையும் வெள்ளைக்கோடும் போட்டு, அந்த இடத்தை மட்டும் அகலப்படுத்தாமல் விட்டுவிடுவது. அகலப்படுத்தினால் அக்கா கடை மொத்தமாகப் போகும். என் கடையில் முன்படி மட்டும் போகும். ஆகவே என் கோபத்தில் சுயநலம் ஒரு படி அளவுதான் என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

கூட்டம் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. ரோடு அகலமானால் மனை விலை ஏறும் என்று ஒரு கூட்டம். பிள்ளைகள் என்ன பறந்தா போகும் என்று ஒரு கூட்டம். எங்கள் சங்கத் தலைவர் சீதாராமன் சாருக்கு விலையெல்லாம் பிரச்சினையில்லை, முதுகுதான் பிரச்சினை. "வேகத்தடையில ஏறி எறங்கினா என் டிஸ்க் என்னத்துக்கு ஆகும்னு யாராவது யோசிச்சேளா?" என்று எக்ஸ்ரே உறையையே கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அக்கா கடைசி வரிசையில் இருந்து எழுந்தார். தன் கடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சார், பையப் போனா முதுகு வலிக்காது. வெரசாப் போறவனத்தான் அது தூக்கிப் போடும். நீங்க என்னைக்கு சார் வெரசாப் போயிருக்கீங்க? ஒங்க கார முந்திக்கிட்டு எங்க வீட்டுக்காரரு நொண்டிக்கிட்டே போறாரு" என்றார். கூடம் சிரித்தது. சோணை அண்ணன்தான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். சீதாராமன் சார் எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு, வேகத்தடைக்குக் கை தூக்கச் சொன்னபோது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டோம். வேகத்தடைதான் என்று முடிவானது. இன்ஜினியரும் எழுதி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு சும்மா இருந்திருந்தால் கதையே இல்லை. ஆனால் நாங்கள் மதுரைக்காரர்கள். இங்கே பூப்புனித நீராட்டுக்கும் போஸ்டர், புது நாய்க்குட்டிக்கும் போஸ்டர். பக்கத்துத் தெருவில் தெருவிளக்கு மாற்றியதற்கு ஆளுயரத்தில் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். நாங்கள் மட்டும் இளப்பமா என்று பிரிண்டிங் கடை இஜாஸிடம் சொன்னோம். இஜாஸ் கையில் சுத்தமான வேலை. எங்கள் ரோட்டைப் போட்டோ எடுத்து, எங்கிருந்தோ ஒரு வேகத்தடையைப் பிடித்து அதன் மேல் படுக்க வைத்து, மஞ்சள் கறுப்புப் பட்டை அடித்து, நிழல்கூட விழவைத்துவிட்டான். நடுவில் கரண்டியோடு அக்கா. மேலே, 'எங்கள் பிள்ளைகளின் உயிர் காக்க வேகத்தடை அமைத்துத் தந்த அதிகாரிகளுக்கு இதயம் கனிந்த நன்றி.' காளவாசல் வரைக்கும் ஒட்டினோம். நானே ரெண்டு சுவரில் பசை தடவினேன்.

ஒரு மாதம் போனது, வேகத்தடை வரவில்லை. அளக்கிற ஆட்கள்தான் வந்தார்கள். அக்கா கடைச் சுவரில், கல்லாப்பெட்டிக்கு மேலே, குறுக்கே ஒரு மஞ்சள் கோடு போட்டார்கள். அந்தக் கோடு வரைக்கும் இடிப்பார்களாம். "இங்கதான் வேகத்தடை போட்டு முடிச்சாச்சே. அந்த ஃபைல மூடியாச்சு. இந்த எடத்த விட்டுரணும்னு எங்க பேப்பர்ல இல்ல, பெறகு மிச்ச வேலை இதுதானம்மா" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஷட்டரைக்கூட இறக்காமல் சீதாராமன் சாரைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் போனை எடுத்துக் காட்டினார். எங்கள் போஸ்டர். "பொதுமக்களே போட்டோ போட்டு நன்றி சொல்லிட்டாங்கன்னு வேலை முடிஞ்சதா எழுதியாச்சு. இப்ப வந்து இல்லைங்கிறீங்க. நாங்க எதம்மா நம்புறது?" என்றார். பசை தடவிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நாங்களே போட்டு உடைத்திருக்கிறோம்.

திரும்பி வந்து இஜாஸைப் பிடித்துக் கிழித்தேன். அவனா அசருவான். "என்னக்கா நீங்க? கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தியே 'இல்லறத்தில் இணைந்தனர்'னு அடிக்கச் சொல்றாய்ங்க. நான் என்ன தாலி கட்டட்டும்னு காத்துக்கிட்டா இருக்கேன்? நம்ம தொழில்ல முந்தி போஸ்டரு, பெறகுதான் விசேஷம்" என்றான். திட்டுவதற்கு அதில் ஓட்டை இல்லை. அதனால் பொதுவாகத் திட்டிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். சோணை அண்ணன்தான், "விடு செல்வி. வேற எடம் பாத்துக்கலாம்" என்றார்.

"நமக்கு வேற எடம் பாக்கலாம்ங்க. புள்ளைகளுக்கு வேற ரோட்டப் பாக்க முடியுமா?" என்றார் அக்கா. கரண்டியைத் துடைத்து மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இஜாஸ் என்ன சொன்னான்?"

"முந்தி போஸ்டர், பெறகு விசேஷமாம். கொழுப்பு."

"சரியாத்தான சொல்லியிருக்கான். போஸ்டரு ஒட்டியாச்சு. விசேஷம் இன்னும் வைக்கலையே."

மறுநாள் அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமம், கல்கண்டு. எங்கள் ஊரில் தட்டு வைத்து நேரில் அழைத்துவிட்டால் பகையாளிகூட வந்து தலையைக் காட்டிவிட்டுத்தான் போவான். அக்கா, நான், சீதாராமன் சார் மூன்று பேரும் இன்ஜினியர் மேஜையில் தட்டை வைத்தோம். "வேகத்தடை தெறப்பு விழா சார். ஒங்க கையாலதான் ரிப்பன் வெட்டணும்" என்றார் அக்கா. இன்ஜினியருக்கு முகமெல்லாம் பூரிப்பு. அவரிடம் வந்த ஃபைலில் வேலை முடிந்திருக்கிறது, அவர் என்ன கண்டார் பாவம். "இதுக்கெல்லாம் விழாவாம்மா" என்று கூச்சப்பட்டுக்கொண்டே வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

விழா பள்ளிக்கூட நேரத்துக்கு. அதுதான் அக்காவின் கணக்கு. மாவிலைத் தோரணம், தவில், நாயனம், ரோட்டுக்குக் குறுக்கே ரோஸ் ரிப்பன். இஜாஸின் அம்மா ஹாஜரா பேரீச்சம்பழத் தட்டோடு முன்னால் வர, தெருப் பெண்கள் காதுகுத்துக்குச் சீர் கொண்டுவருகிற மாதிரி வரிசையாக வந்தார்கள். இன்ஜினியர் வந்தார், மாலை விழுந்தது, மேளம் கொட்டியது. ஆள் கூட்டத்தில் தரை தெரியவில்லை. ரிப்பனை வெட்டினார். கைதட்டினோம். அக்கா அவர் கையில் தேங்காயைக் கொடுத்து, "வேகத்தடை மேல ஒடைங்க சார்" என்றார்.

கூட்டம் விலகியது. இன்ஜினியர் குனிந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். ரோடு கேரம் போர்டு போலச் சமமாகக் கிடந்தது.

"எது மேலம்மா?"

"ஃபைல்ல இருக்குல்ல சார், அது மேல" என்றேன் நான். இவ்வளவு நேரம் வாயைக் கட்டி வைத்ததே பெரிய விஷயம்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்துவிட்டது. ரிப்பனும் இல்லை, மேளமும் நின்றுவிட்டது. இனி வண்டிகள் காத்திருக்குமா. பிள்ளைகள் இறங்க, அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, மாலையும் தேங்காயுமாக இன்ஜினியர் பிள்ளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டார். பைக் ஒன்று அக்காவைச் சுற்றி வளைந்து, இன்ஜினியர் மாலையிலிருந்து நாலு சம்பங்கியைப் பிய்த்துக்கொண்டு போனது. மனுஷன் ஒரு சின்னப் பிள்ளையை இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார். "டேய், பாத்துப் போடா, புள்ளைக போகுது" என்று அவர் போட்ட சத்தத்தில் கண்ணுச்சாமி பஸ்ஸே ரெண்டடி பின்னால் போயிருக்கும்.

அக்கரைக்குப் போய், கொஞ்ச நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். வேர்த்து ஊற்றியது. அக்கா பெஞ்சில் உட்கார வைத்துத் தோசை வைத்தார்.

"அடியில கருகியிருக்கேம்மா."

"ரோட்டுக்குப் போயிட்டு வந்தா அப்பிடித்தான் சார் இருக்கும்."

அவர் கல்லையும் பார்த்தார், ரோட்டையும் பார்த்தார், கல்லாவுக்கு மேலே இருந்த மஞ்சள் கோட்டையும் பார்த்தார். ஒரு விள்ளல் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். தேங்காயைத் திருப்பிக் கொடுத்து, "இத வச்சிருங்க. நான் வந்து ஒடைக்கிறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். தாரும் ரோலருமாக வேலை நடந்த அன்று சீதாராமன் சார் குடை பிடித்துக்கொண்டு கூடவே நின்று, "உயரம் கொஞ்சம் பார்த்து, கொஞ்சம் பார்த்து" என்று உயிரை எடுத்தார். இன்ஜினியர் தேங்காயை உடைத்தார், அது அழுகவில்லை. மஞ்சள் கோட்டின் மேல் நானே சுண்ணாம்பு அடித்தேன்.

அடுத்த நாள் காலை பள்ளிக்கூட மணிக்கு முன்னால் பிள்ளைகள் வந்து கூடியதும், அக்கா பழக்கத்தில் கரண்டியோடு ரோட்டோரம் ஓடிவிட்டார். கண்ணுச்சாமி பஸ் தானாகவே மெதுவாகி வெள்ளைக்கோட்டுக்கு முன்னால் நின்றது. பின்னால் வந்த லாரியும் நின்றது. பிள்ளைகள் பேசிக்கொண்டே நடந்து போனார்கள். தூக்கிய கரண்டியோடு அக்கா அப்படியே நின்றார்.

கண்ணுச்சாமி தலையை நீட்டினார். "என்னக்கா, அடுப்ப விட்டுட்டு எங்க வந்த?"

அக்கா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ஓட்டமாக வந்து தோசையைத் திருப்பினார். நான் தட்டை நீட்டினேன். இத்தனை வருஷமாகக் கரி தின்றவள் நான், முதல் உரிமை எனக்குத்தானே. அக்கா என்னைத் தாண்டிப் போய் அதைச் சோணை அண்ணன் முன்னால் வைத்தார்.

அண்ணன் தோசையைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் நல்லாருக்கு செல்வி" என்றார்.

"எனக்கு எப்பக்கா?" என்றேன்.

"இருத்தா, ஊத்துறேன்" என்று மாவுக் கரண்டியை எடுத்தார் அக்கா. "நான் இனி எங்கயும் போகல."