தேயாத ஷூ

சிஸ்டர் யாருடைய முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. கால்களைத்தான் பார்ப்பார். "முதன்முதலா பேசினப்ப வெட்கத்துல தலை குனிஞ்சு நிக்கிறான்னு நினைச்சேன். என் ஷூவை ஆராய்ஞ்சுட்டிருந்திருக்கா!" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார் அவர் கணவர்.

சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கான பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ் அவர். கழற்றிய செருப்பைத் திருப்பி, தேய்ந்த இடத்தைப் பார்த்தே ஆள் எப்படி நடக்கிறார் என்று சொல்லிவிடுவார். நோயாளிகள் வைத்த பெயர், 'செருப்பு ஜோசியர்'.

அந்த ஜோசியரையே திணறடித்தார் ஒரு தையல்காரர். வலது சுண்டுவிரலில் மூன்று மாதமாக ஆறாத புண். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் விரலையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற மனைவிக்கு உயிரே போய்விட்டது.

மருந்து சரி. சர்க்கரையும் கட்டுக்குள். சிஸ்டரே அளவெடுத்துத் தேர்ந்து கொடுத்த அகலமான ஷூ. பிறகு ஏன்?

ஷூவைத் திருப்பினார். மூன்று மாதம் நடந்த அடிப்பாகமா இது? கோடுகள் கடையில் இருந்தது போலவே இருந்தன.

"அண்ணே, இதைப் போட்டுக்கிட்டு நடக்குறீங்களா, தூக்கிட்டு நடக்குறீங்களா?"

"வீட்டுல இருந்து இதைப் போட்டுட்டுத்தான் சிஸ்டர் கிளம்புறாரு!" என்றார் மனைவி.

"கடையில?"

தையல்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

கடை ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தெருவில்தான். மனைவி ஓடிப்போய்த் தேடி, தையல் மிஷினுக்கு அடியில் கிடந்த அவருடைய பழைய கறுப்பு ஷூவை மூச்சு வாங்கக் கொண்டுவந்தார். சிஸ்டர் தையல்காரரின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, வெட்டி, அந்த ஷூவுக்குள் நுழைத்தார். சுண்டுவிரல் பக்கம் காகிதம் கசங்கி மடங்கியது.

"இந்த அளவுல யாருக்காவது சட்டை தைப்பீங்களா?"

"தைச்சா அடிக்க வருவான்."

"அப்புறம் ஏன் இதைப் போடுறீங்க? இறுக்கலையா?"

"இறுக்குறதாலதான் சிஸ்டர் போடுறேன். அகலமானதைப் போட்டா கால்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு. கழண்டு விழுந்துடுச்சோன்னு குனிஞ்சு குனிஞ்சு பார்க்குறேன். இதைப் போட்டாத்தான் எனக்குக் கால் இருக்குன்னே தெரியுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நீ பயந்துடுவே."

சிஸ்டருக்குச் சுரீர் என்றது. மூன்று மாதத்துக்கு முன், "வசதியா இருக்கா?" என்று கேட்டவர் அவரேதான். உணர்ச்சி மரத்துப்போன காலிடம் போய் வசதியைக் கேட்டிருக்கிறோமே!

"அண்ணே, இனிமே காலைக் கேட்காதீங்க. கையைக் கேளுங்க. துணியைத் தொட்டே தரம் சொல்ற கை இது." அகலமான ஷூவுக்குள் அவர் கையை விடச் சொன்னார். கால்விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருக்க வேண்டும். உள்ளே கல், மண், மடிப்பு எதுவும் கூடாது. பிறகு மேல்பட்டையைக் கழலாதபடி இழுத்து ஒட்டக் கற்றுக்கொடுத்தார். "சந்தேகம் வந்தா நூறு தடவை குனிஞ்சு பாருங்க. யாரும் கேட்க மாட்டாங்க."

இரண்டு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். கட்டைப் பிரிக்கும் முன் சிஸ்டர் ஷூவைத்தான் திருப்பினார். குதிகாலின் வெளியோரத்தில் கோடுகள் மங்கத் தொடங்கியிருந்தன.

பிறகுதான் கட்டைப் பிரித்தார். புண் மூடி, மேலே மெல்லிய இளஞ்சிவப்புத் தோல்.

"விரல் தப்பிச்சுது அண்ணே! ஆமா, அந்தக் கறுப்பு ஷூ எங்கே?"

"வெட்டிப் போட்டுட்டேன்" என்றார் மனைவி, கண்ணைத் துடைத்தபடி.

"எதால வெட்டினான்னு கேளுங்க சிஸ்டர்!" தையல்காரர் அலறினார். "என் துணி வெட்டுற கத்தரிக்கோலால!"