இஞ்சி விதை நனைக்க வாங்கிய நீல டிரம்

அன்று மடத்துக்குளத்துத் தோட்டத்தில் இருந்தது மூன்றே பேர்: நான், என் வீட்டுக்காரர், நடவுக்கு வந்த செல்வராணி. செல்வராணி திருநெல்வேலிப் பக்கம். முன்பு திருப்பூரில் துணி வெளுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள்.

முந்தைய வருடம் அழுகல் நோயில் பாதி இஞ்சி போய்விட்டது. இந்த முறையும் போனால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுப் பனியன் கம்பெனிக்குப் போவதாக முடிவு. அதனால் அழுகலைத் தடுக்கும் நல்ல நுண்ணுயிரான சூடோமோனாஸ் பொடியைக் கரைத்து, விதையை நனைத்து நட நினைத்தோம். கரைப்பதற்குச் சாயப்பட்டறையின் பழைய டிரம் வாங்கினோம். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். சாயம் ஒட்டியிருக்குமோ என்று பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, ஒரு முறைதான் அலசினேன்.

பொடி முழுவதையும் கரைத்த பிறகு செல்வராணி குனிந்து முகர்ந்தாள்.

"யக்கா, பிளீச்சிங் வாடை வருதே. இதுல போட்ட நல்ல கிருமியும் செத்துல்லா போயிருக்கும்."

"சாயத்துக்குப் பயந்துதானுங்க போட்டேன்" என்றேன் இவரிடம்.

"எங்கூட்டுக்காரி கழுவுனா அதுல எதும்மா உசுரோட இருக்கும்?" என்று இவர் சிரித்தார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. கையில் காசும் இல்லை. செல்வராணியே சைக்கிளில் போய், தன் பணத்தில் புதுப்பொடி வாங்கி வந்தாள். வீட்டுத் தண்ணீர் அண்டாவில் கரைத்து நனைத்தோம்.

அந்த வருடம் அழுகல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. தோட்டம் எங்களிடமே இருக்கிறது. இப்போதெல்லாம் பொடி கரைக்கும் பாத்திரத்தை வெறும் தண்ணீரில்தான் கழுவுகிறேன். அதை முகர்ந்து பார்க்காமல் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை.

பொடிக்கான பணத்தை எத்தனை முறை நீட்டினாலும் செல்வராணி வாங்க மறுக்கிறாள். அவளுக்கு நான் தர வேண்டியது இன்னும் நூற்று இருபது ரூபாய்.