மதகை இடமாகச் சுற்றிய நாள்

மதகடி மாரியம்மனை நம்பி இருக்கிற எல்லாருக்கும் பாவாயி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுத்து சரியாக வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் வரவேண்டியது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை விளக்குப் பூசைக்கு வருகிறவர்கள்தான் எழுதச் சொன்னார்கள். வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு நாலு பேருக்கு முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன். வலது கை தூக்க முடியவில்லை. அது ஏன் என்றும் இதில் வரும்.

போன வருஷம் ஐப்பசியோ கார்த்திகையோ, வாய்க்காலில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடிய சமயம். என் மகன் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் வண்டியோடு வடக்கே போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் மருமகள் சரோஜாவும் மட்டும். அன்று அவள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பிடுங்கும் வேலைக்கு நாலு பெண்களோடு டிராக்டரில் போனாள். நான் மதகுப் பக்கம் இரண்டு ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்றார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மதகு வாய்க்காலுக்குக் குறுக்கே இருக்கிறது. ஒரு இரும்புப் பலகை, அதன் மேலே ஒரு திருகு. திருகில் கடப்பாரையைக் கோத்து, ஆள் அதைத் தள்ளிக்கொண்டே சுற்றி நடந்தால் பலகை ஏறும், இறங்கும். திருகுக் கம்பத்தின் அடியில் மஞ்சள் பூசிய கல்தான் எங்கள் அம்மன். ஆகவே மதகைச் சுற்றுகிறவர்கள் அம்மனையும் சுற்றுகிறார்கள்.

வெயில் ஏறிய நேரம். ஒரு கூப்பாடு கேட்டது. கூப்பிடு தூரத்தில், மதகுக்குக் கீழ்ப்பக்கம், கிழங்கு மூட்டைகளோடு வந்த டிராக்டரின் டிரெய்லர் கரை சரிந்து வாய்க்காலுக்குள் சாய்ந்திருந்தது. நான் ஓடவில்லை, என்னால் ஓட முடியாது. நடந்து போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் கரை ஏறி நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சரோஜா ஏறவில்லை. டிரெய்லரின் பக்கப் பலகை அவள் கால் மேல் இருந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்திருந்தது. ஓட்டுநர் முருகேசன் தண்ணீருக்குள் நின்று அவள் தாடையைக் கையில் ஏந்திப் பிடித்திருந்தார். அலை வந்தால் வாய்க்குள் போகிறது. அவள் துப்புகிறாள். மறுபடியும் போகிறது.

"அத்தை" என்று ஒரு தடவைதான் கூப்பிட்டாள். அதற்கு மேல் கூப்பிட அவளுக்கு வாய் ஒழியவில்லை.

ஜேசிபிக்குப் போன் போட்டாகிவிட்டது. வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். தண்ணீர் ஒரு முழம் இறங்கினால் அவள் பிழைப்பாள். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. மதகை அடைத்தால் இறங்கும். ஆனால் மதகுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி, மதகைத் திறந்து அடைக்கிற லஸ்கர் தம்பியிடம். அவர் எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் வேறு மதகில் இருந்தார். கூப்பாடு கேட்டு வந்த என் கூட்டாளி குப்பாயி தன் போனில் அவரைப் பிடித்தாள். சத்தமாக வைத்ததால் எனக்கும் கேட்டது.

"நா வர அரை மணி ஆவுமுங்க. இஞ்சினீரு ஏஇ சார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும். அதுவரைக்கும் பூட்டுல ஆரும் கை வெச்சுறாதீங்க, கேஸாயிரும்."

"அரை மணி ஆவுமாம்" என்றாள் குப்பாயி. பிறகு போனைப் பார்த்தே திட்டினாள். "அதுக்குள்ள இங்க ஒரு உசுரு போயிரும் சாமி, அதுக்கு எந்த சார்கிட்டக் கேக்கறது?"

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். செத்துப்போன என் வீட்டுக்காரரும் லஸ்கர்தான். இருபது வருஷத்துக்கு மேல் அந்த மதகின் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. அவர் முறை தப்பி அந்தப் பூட்டை யாருக்காகவும் திறந்ததில்லை. ஒரு வறட்சி வருஷம் என் கூடப் பிறந்த தம்பி பொன்னுசாமி பூட்டை உடைத்து மதகை அடைத்துவிட்டான். மதகுக்கு மேல்பக்கம் இருக்கிற அவன் தோட்டத்து வாய்மடைக்குத் தண்ணீர் ஏறவில்லை, பயிர் காய்ந்துகொண்டிருந்தது. "அவசரம் மாமா, பயிரு சாவுது" என்று என் வீட்டு வாசலில் நின்று அழுதான். என் வீட்டுக்காரர் அவன் மேல் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். "கடைமடைக்காரனுக்கும் பயிரு சாவுது. அவனுக்கு அழுவறதுக்கு நம்ம வாசல் தெரியாது. அவ்வளவுதான்" என்றார். நானும் அதுதான் நியாயம் என்று இருந்தேன். தம்பி ஆபீசில் நின்று, செய்தது தப்பு என்று கையெழுத்துப் போட்டு வந்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம். இவர் செத்ததற்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனான்.

அப்படிப்பட்ட பூட்டின் முன்னால்தான் அன்றைக்கு நான் மதகுக்குத் திரும்பி வந்து நின்றேன்.

யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். அங்கே தேங்காய் உடைக்கிற கல் கிடந்தது. அதை எடுத்துத்தான் அடித்தேன். மூன்றாவது அடியில் பூட்டு வாயைப் பிளந்தது. வலது தோள்பட்டையில் ஏதோ அறுந்தது போல இருந்தது, அது இன்றைக்கும் ஆறவில்லை. குப்பாயி டிராக்டரில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோத்தோம். இரண்டு கிழவிகளும் தள்ளினோம்.

நான் செய்த தப்பு இப்போதுதான் வருகிறது. மதகைத் திறப்பதை நான் வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். முதல் தண்ணீர் வருகிற அன்று பூசை வைத்து, பொங்கல் வைத்து, ஆண்கள் கடப்பாரையைப் பிடித்து அம்மனை வலமாகச் சுற்றுவார்கள். நாங்கள் குலவை போடுவோம். என் கண்ணில் மதகு என்றால் அதுதான். அம்மனை வேறு பக்கமாகச் சுற்றலாம் என்று எந்தப் பொம்பளைக்குத் தோன்றும்? வலமாகத்தான் தள்ளினேன். "தாயே, தாயே" என்று சொல்லிக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றினேன்.

கீழே இருந்து முருகேசன் அலறினார். "ஏறுதுங்க! தண்ணி ஏறுதுங்க! ஐயோ நிறுத்துங்க!"

நான் மதகை அடைக்கவில்லை. திறந்துகொண்டிருந்தேன். என் மருமகள் வாய்க்குள் நானே தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிஷத்தைப் பற்றி எழுதக் கை வரவில்லை. என்ன செய்கிறேன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. திருகு மாட்டிக்கொண்டதா, பலகை கெட்டுவிட்டதா, பூட்டை உடைத்த பாவத்துக்கு அம்மன் இப்படிக் காட்டுகிறாளா என்று தடுமாறினேன். அப்படியே கல்லின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வேண்டுதல் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "எனக்குத் தெரியலை தாயே. நீ சொல்லு" என்றேன். இவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அம்மன் குரல் கேட்டது, வெளிச்சம் வந்தது என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். எனக்கு என் வீட்டுக்காரர் நினைவு வந்தது. சாயங்காலம் மதகை அடைக்கப் போவார். அடைப்பதற்குப் பூசையும் இல்லை, குலவையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒருநாள் கூழ் கொண்டுபோனபோது பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கல்லைப் பார்த்துக் கும்பிட்டு, "மன்னிச்சுக்க தாயே" என்றார். எதற்கு மன்னிப்பு என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. அவரிடம் அதிகம் கேட்டுப் பழக்கமில்லை. எத்தனையோ வருஷம் கழித்து, அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. அடைக்க வேண்டுமென்றால் அம்மனை இடமாகச் சுற்ற வேண்டும். அதற்குத்தான் மன்னிப்பு.

எழுந்தேன். "இந்தப் பக்கம் தள்ளு" என்றேன்.

குப்பாயி கடப்பாரையை விட்டுவிட்டாள். "அக்கோவ், இடமாவா? எழவு ஊட்லதான் அப்படிச் சுத்துவாங்க. அம்மனைப் போயி… எனக்குப் பயமா இருக்குதக்கா."

"எழவு ஆவக்கூடாதுன்னுதான் சுத்தறேன். பாவம் எனக்கு. நீ தள்ளு."

என் ஆயுசில் நான் ஒருத்தரிடம் அப்படி அதட்டிப் பேசியதில்லை. தள்ளினாள். திருகு இறுக்கம். எத்தனை சுற்று என்று தெரியாது. முட்டி இரண்டும் தீயாக எரிந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் "மன்னிச்சுக்க தாயே" என்றேன். குப்பாயியும் சொன்னாள். கடைசியில் குரல் இல்லை, உதடுதான் அசைந்தது. முருகேசன் கீழே இருந்து சொல்லிக்கொண்டே வந்தார். "தாடைக்கு எறங்கிருச்சுங்க." "தோளுக்கு எறங்கிருச்சுங்க." பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவர் அழுதுகொண்டிருக்கிறார். சரோஜா நெஞ்சளவுத் தண்ணீரில், டிரெய்லர் மேல் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறாள்.

ஜேசிபி வந்து தூக்கிய பிறகு அவளைத் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிர் இருந்தது.

இதோடு முடித்துவிட்டால் நல்ல சாட்சியாக இருக்கும். ஆனால் அடைத்த தண்ணீர் சும்மா நிற்குமா? மேல்பக்கம் ஏறி, கரை தாழ்ந்த இடத்தில் வழிந்து ஒரு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. அங்கே சின்ன வெங்காயம் பிடுங்கிக் காயப் போட்டிருந்தது. எல்லாம் நனைந்து மிதந்தது. அது என் தம்பி பொன்னுசாமியின் தோட்டம்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்தான். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வரவில்லை.

"அன்னைக்கி எம்பயிரு செத்தப்ப உங்கூட்டுக்காரரு கண்ணுக்கு அவசரம் தெரியலை. இன்னைக்கி உம்மருமவளுக்குன்னா மட்டும் பூட்டு ஒடையுதா?"

பயிரும் உயிரும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். ஆனால் பயிர் போன வருஷம் அவன் வீட்டில் அடுப்பு எரியாததும் எனக்குத் தெரியும். அவரவர் அவசரம் அவரவருக்குப் பெரிசு. அதனால்தான் பூட்டே போட்டிருக்கிறார்கள். "தப்புதான் சாமி" என்று மட்டும் சொன்னேன். போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து மதகடியில் விசாரணை. ஏஇ சார் வந்தார், போலீஸ் ஒருவர் வந்தார், என் தம்பியும் வந்து நின்றான். முருகேசன் என் காதில், "நீங்க கம்முனு இருங்கம்மா. பூட்டு முன்னாடியே ஒடைஞ்சு கெடந்துச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். நல்ல மனசில்தான் சொன்னார். அப்போதும் அம்மனைத்தான் பார்த்தேன். வாயைக் கொடு தாயே என்று கேட்டேன்.

"நாந்தானுங்க ஒடைச்சேன். இந்தக் கல்லுலதானுங்க" என்றேன்.

சார் சின்ன வயசுக்காரர். "பாட்டி, உங்க மேல கேஸ் போட எனக்கு மனசு வரலை. ஆனா இதை விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு அவசரம்னு பூட்டை உடைப்பாங்க. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"நீங்க சொல்றது சரிதானுங்க. எங்கூட்டுக்காரரும் அதையேதான் சொல்லுவாருங்க. நா பண்ணுனது சரின்னு சொல்ல மாட்டேனுங்க. திரும்பவும் அப்படி நடந்தா பண்ண மாட்டேன்னும் சொல்ல முடியாதுங்க. சாவி கிட்டத்துல இருந்திருந்தா கல்லை எடுத்திருக்க மாட்டேனுங்க."

இவ்வளவு வார்த்தை எனக்குள் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

சார் என் தம்பி பக்கம் திரும்பினார். தோட்டத்துக்காரர் புகார் கொடுத்தால் அவர் கேஸ் எழுதித்தான் ஆக வேண்டும். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அவன் அந்த வார்த்தையை வாயில் வைத்திருந்தான். துப்பட்டும், நியாயம்தான் என்று நினைத்தேன்.

அவன் சாரைப் பார்த்துச் சொன்னான். "எனக்குப் புகாரெல்லாம் இல்லீங்க. பூட்டை மட்டும் கொஞ்சம் நல்லதா வாங்கிப் போடுங்க. தேங்கா ஒடைக்கற கல்லுலயே எங்கக்கா ஒடைச்சுப்போட்டா."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை. எங்கக்கா என்றான். அதுதான் காதில் நின்றது.

எழுதி வாங்கி, எச்சரித்து விட்டுவிட்டார்கள். இப்போது ஒரு சாவி எங்கள் ஊர்த் தலையாரி வீட்டில் இருக்கிறது. மதகுச் சுவரில் போன் நம்பர் எழுதியிருக்கிறார்கள். சரோஜா கொஞ்சம் சாய்ந்து நடக்கிறாள், ஆனாலும் நடக்கிறாள். நனைந்த வெங்காயத்தில் தேறியதைப் பொறுக்கி உலர்த்த ஒரு வாரம் தம்பி தோட்டத்துக்குப் போனேன். மூன்றாம் நாள் அவன் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தான். நான் குடித்துவிட்டு அவன் பக்கம் நகர்த்தினேன். அவனும் குடித்தான்.

நான் இப்போது தினமும் காலையில் மதகடிக்குப் போய் அம்மனை வலமாகச் சுற்றுகிறேன். இடமாகச் சுற்றியதற்கு ஈடாக. எத்தனை என்று தெரியாததால் எப்போது நிறுத்துவது என்றும் தெரியவில்லை. முட்டி வலி. டாக்டர் நடக்காதே என்கிறார். களைப்பாகத்தான் இருக்கிறது, ஆனாலும் போகிறேன். அவள் என்னைத் தண்டிக்கவில்லை. தெரியவில்லை என்று சொன்னவளுக்கு வழி சொன்னாள். உங்களுக்கும் ஒரு நாள் எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் போகும். அப்போது தெரிந்தது போல நடிக்காதீர்கள். தெரியலை என்று அவளிடம் சொல்லுங்கள். பிறகு செய்ததை மறைக்காதீர்கள். அதற்கும் அவள் கூட நிற்பாள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது இதைச் சரிபார்த்துவிடுங்கள். மாதம் எது என்று சரோஜாவிடம் கேளுங்கள். லஸ்கர் தம்பி போனில் சொன்னதையும் எத்தனை சுற்று என்பதையும் குப்பாயியிடம் கேளுங்கள். ஏஇ சாரின் உத்தியோகப் பேரைச் சரியாக எழுதியிருக்கிறேனா பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கள். பூட்டை உடைத்தது நான் என்பதையும், இடமாகச் சுற்றினேன் என்பதையும் மட்டும் திருத்த வேண்டாம்.