பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை

முதலாளி ஏறினால் டிரைவர்கள் பாட்டைக் குறைப்பார்கள். மாணிக்கவாசகம் அண்ணன் கூட்டுவார். அபயாம்பாள் மாமி பின் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும், அவர் கை டேப் செட்டுக்குப் போய் குமிழை ஒரு திருகு திருகும். பல வருஷமாக இதைப் பார்த்திருக்கிறேன்.

மயிலாப்பூரில் மாமி வீட்டில் நான் மேல்வேலை செய்கிறேன். மாமி தி. நகருக்கோ அடையாறுக்கோ கடைக்குப் போனால் பை தூக்க நானும் போவேன். முன் சீட்டில், அண்ணனுக்கு இடது பக்கம், எனக்கு இடம்.

அந்த ஃபியட் காரில் இருந்த செட் ஒரு தினுசு. சத்தத்துக்கு ஒரு குமிழ், அதற்கு அடியிலேயே ஒரு வளையம். வளையம் திரும்பினால் பாட்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். இரண்டும் ஒட்டிக்கொண்டே இருந்ததால் சத்தத்தைக் குறைக்கப் போனால் பாட்டு வலது பக்கம் ஓடும். அதை இழுத்துவரப் போனால் சத்தம் எகிறும். கேசட்டை வெளியே எடுத்தால் ரேடியோ தானாகவே அலறும். மாமியின் வீட்டுக்காரர் ராஜகோபாலன் சார் பின்னாலிருந்து கை நீட்டித் திருகிப் பார்த்து, மூக்குக் கண்ணாடி கீழே விழ, "இது செட்டா, பிசாசா?" என்பார். அண்ணன் மட்டும் அந்தச் செட்டைத் திட்டி நான் கேட்டதில்லை.

மாமி பின்னாலிருந்து ஏதாவது சொல்வார். அண்ணன் பதில் சொல்ல மாட்டார். மறுபடி உரக்கச் சொன்னால் திரும்புவார்.

"பாட்டு சத்தத்துல கேக்கல மாமி."

"அதை அணைச்சுத் தொலையேன்."

"அணைச்சா ரேடியோ வந்துரும் மாமி."

மாமி சிரித்துவிடுவார்.

ஒருநாள் பின்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம், ரசம் வேண்டுமா என்று இடது பக்கம் நின்று கேட்டேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து கேட்டதும் தட்டை நீட்டினார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"சீழ் புடிச்சு அந்தக் காது அடைச்சுகினு போச்சு தாயம்மா. இந்தப் பக்கம் நல்லாத்தான் கீது. சாருக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சுருவாரு. எம் பொண்ணு தாரணி இப்பத்தான் நர்சிங் சேர்ந்துகீது. அது முடிக்கிற வரைக்கும் இந்த வேலை ஓடணும்."

நான் ரசத்தை ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை. பொதுவாகவே நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

தொண்ணூற்றேழில் மாமியின் மகன் ஸ்ரீவத்சன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது புதுச் செட் கொண்டுவந்து மாட்டினார். அதில் குமிழே கிடையாது. நகம் படுகிற அளவுக்குச் சின்னப் பட்டன்கள். ஒரே பட்டனை ஒருமுறை அமுக்கினால் சத்தம், இன்னொருமுறை அமுக்கினால் மேளத்தின் கனம், அடுத்து இடது வலது, அப்புறம் முன் பின். கொஞ்சம் யோசித்தால் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு தடவை வண்டி கிளம்பும்போதும் பாட்டு மெல்லிய குரலில்தான் ஆரம்பிக்கும். நேற்று வைத்த சத்தம் அதற்கு ஞாபகம் இருக்காது. அண்ணன் சிக்னலில் நின்றால் குனிந்து பட்டனைத் தேடுவார். கூட்டப் போய்ப் பின்பக்கம் பாட்டே இல்லாமல் செய்துவிடுவார்.

அதன் முன்பக்க மூடியைக் கையோடு கழற்றி எடுக்கலாம். திருடன் வந்தாலும் பிரயோஜனமில்லை என்று சொல்லிவிட்டு ஸ்ரீவத்சன் போனார். சார் தினமும் அதைக் கழற்றித் தன் பழைய கண்ணாடிக் கூட்டில் வைத்துப் பீரோவில் பூட்டுவார். காலையில் எடுத்துக் கொடுப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை கொடுக்க மறந்துவிட்டார். பாட்டில்லாமல் கிளம்பினோம். பாண்டி பஜாரில் மாமி, "மாணிக்கம், அந்தத் துணிக்கடை வாசல்ல நிறுத்து" என்றார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. "நிறுத்துப்பா." கடை தாண்டிவிட்டது. நான் அவர் கையைத் தொடுவதற்குள் மாமி எட்டி அவர் தோளைத் தட்டினார். அண்ணன் திடுக்கிட்டார். அவர் விரல் தானாகச் செட்டுக்குப் போய், மூடியில்லாத பள்ளத்தில் எதையோ அமுக்கியது.

"பாட்டு சத்தத்துல கேக்கல மாமி."

வெளியே ஆட்டோக்களின் ஹாரன் கேட்டது.

"எந்தப் பாட்டு, மாணிக்கம்?" என்றார் மாமி.

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். மாமி இறங்கவில்லை.

"எந்தக் காது?"

இடது காதைத் தொட்டார்.

"ஹாரன் கேக்கறதோ?"

"கேக்குது மாமி. எந்தப் பக்கத்துலேந்துன்னுதான் கண்ணாடில பாத்துக்குவேன்."

"தாயம்மா, உனக்குத் தெரியுமோ?"

நான் மடியிலிருந்த பையைப் பார்த்தேன்.

"இவளைப் போய்க் கேட்டேன் பாரு" என்றார் மாமி.

வீட்டில் சார் ஒரேயடியாகச் சொன்னார். "காது கேக்காதவனை வெச்சுண்டு எப்படி? வேற ஆள் பாக்கணும்."

"உங்களுக்கு ரெண்டு காதும் நன்னாத்தானே இருக்கு? நான் சொல்றதை என்னிக்குக் கேட்டிருக்கேள்? அவனை டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போங்கோ. அப்புறம் பேசலாம்."

சார்தான் ராயப்பேட்டைக்கு அழைத்துப் போனார். அந்தக் காது இனித் தேறாது, மற்றது சரியாக இருக்கிறது என்றார் டாக்டர். திரும்பும்போது சார் முன் சீட்டில் உட்கார்ந்து, வீடு வரைக்கும் ரோட்டை விட அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாராம். மறுநாள் காலை சாவியைக் கொடுத்தார்.

இப்போது தொண்ணூற்றொன்பது. ஊருக்குள் மாணிக்கவாசகம் அண்ணன் ஓட்டுகிறார், திருப்பதி மாதிரி தூரம் என்றால் வேறு டிரைவர் வருகிறார். அந்த நாட்களுக்கு அண்ணனுக்குச் சம்பளம் இல்லை. தாரணிக்கு இது கடைசி வருஷம். மாமி டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், வலது பக்கம் உட்காருகிறார். செட்டின் மூடி பீரோவில் இருக்கிறது. வண்டியில் பாட்டு போடுவதில்லை.