முப்பத்தைந்தாம் மணிச் சிவப்பு

"மார்கழிக்குள்ள முடிச்சுக்கோ. தை பொறந்தா கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டார். அறுபதுகளின் நடுவில், மாட்டுங்காவில், ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்கு அதுவே பெரிய சலுகை.

என் வேலை கோழிக்கருவில். இன்குபேட்டரில் வைத்த முட்டையில் சுமார் முப்பத்தைந்து மணி நேரத்தில் முதல் இரத்தம் சிவப்பாகத் தெரியும். அதற்கான ஜீன்கள் எப்போது வேலையைத் தொடங்குகின்றன? அவற்றைத் தடுக்கும் மருந்து ஒன்று உண்டு. சீக்கிரம் விட்டால் சிவப்பு வராது. பல மணி நேரம் கழித்து மருந்தை விட்டால் பயனில்லை, சிவந்தே தீரும். ஜீன்களின் உத்தரவு முன்னமே போயிருக்கும். அந்த எல்லை எந்த மணி என்பதுதான் என் கேள்வி.

முட்டை வாங்கியது தாராவியில், ஒரு திருநெல்வேலிக்காரர் கடையில். முதல் இரண்டு மாதம் கை பழகுவதிலேயே போயிற்று. ஒரு நாள் பேச்சுவாக்கில், எங்கள் வீட்டில் முட்டை தொடமாட்டோம், இது காலேஜில் உடைத்துப் பார்க்க என்று அவரிடம் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து ஒரு முட்டையிலும் ஒன்றும் வளரவில்லை. மருந்து விடாத முட்டையிலும் மஞ்சள் கருவின் மேல் வெறும் வெள்ளைப் பொட்டு. தெர்மாமீட்டரை மாற்றினேன். தண்ணீர்த் தட்டை மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போனேன். "உன் கைராசி அப்படி" என்று பேராசிரியர் சிரித்தார். பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. மூன்று வாரம் இப்படியே. ரயிலில் நின்றுகொண்டே தூங்கினேன்.

கடைசியில் கடைக்காரரிடமே கேட்டேன். மனிதருக்கு முகமெல்லாம் பெருமை.

"ஒங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேம்மா. சேவலே இல்லாத பண்ணை முட்டை. உசுரு கெடையாது. ஐயரு வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாவம் எதுக்குன்னுதான்."

அழுதேனா சிரித்தேனா, நினைவில்லை. விஷயம் புரிந்ததும் அவர் கடையைப் பூட்டிவிட்டு குர்லா போய், சேவலோடு வளரும் நாட்டுக்கோழிகளின் முட்டை கொண்டுவந்தார். அதில் சிவந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மருந்தை ஆறு வெவ்வேறு மணிகளில் விட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் மூன்று தடவை. ஒரு தடவைக்கே இரண்டு நாள் பிடிக்கும்; மார்கழியில் மிச்சம் மூன்று நாள். ஒரு தடவைதான் முடிந்தது. ஒரே தடவை வந்ததை யாரும் விடை என்று ஒப்புக்கொள்வதில்லை.

கடைசி நாள், ஜவுளிக்கடைக்கு அழைத்துப்போக அப்பா காலேஜ் வாசலில் நின்றிருந்தார்.

"முடிஞ்சுதா?"

எதிலிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று யோசித்தேன். அலுப்பாக இருந்தது.

"முடிஞ்சுடுத்துப்பா" என்றேன்.