கப்பல் தெரிகிறவரைக்கும் ஓசி

“இன்னிக்கு யாரா இருக்கப் போறீங்கம்மா?” என்று கேட்ட பிறகுதான் ஹமீது பாய் சைக்கிளுக்கு ஸ்டாண்டே போடுவார். கல்பாக்கம் குடியிருப்பின் மூன்றாவது தெருவில் இந்தக் கேள்விக்கு இப்போதெல்லாம் யாரும் திகைப்பதில்லை. ஒருத்தி தோணிக்காரி என்பாள். இன்னொருத்தி சுங்கக்காரர் என்பாள். வளையலும் ரிப்பனும் சாந்துப் பொட்டும் கேரியர் பெட்டிக்குள்ளேயே கிடக்க, முதலில் விரிவது ஒரு துணிதான்.

சதுரங்கப்பட்டினத்துக்காரர். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் வயது, கட்டம் போட்ட கைலி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. இடது கைக் கட்டைவிரல் நகத்தில் மட்டும் சிவப்புச் சாயம் பளபளக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நகச்சாயத்தின் நிறத்தைக் காட்ட யாருடைய விரலை இரவல் வாங்குவது என்பது அவருடைய வாதம்.

மாதிரி காட்டாமல் எதையும் விற்க அவருக்குத் தெரியாது. அத்தரைப் போவோர் வருவோர் மணிக்கட்டிலெல்லாம் தடவிவிடுவார். ரிப்பனில் ஒரு சாண் கத்தரித்துக் கொடுத்து, “எத்துகினு போயி ஜடைல வெச்சிப் பாரு கண்ணு, புடிச்சிருந்தா அப்பால வாங்கிக்கோ” என்பார். அந்தச் சாண் துண்டுகளை ஒட்டுப்போட்டே இரட்டைப் பின்னல் கட்டி முடித்த பெண்களும் இருக்கிறார்கள். பாய் அதற்கெல்லாம் அசர மாட்டார். “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்” என்பது அவர் வியாபாரத்தின் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான்.

“ஒரு சோறுதானே பதம்? நீங்க பானையவே கவுத்துட்டு வந்துகீறீங்க. ஓசில குடுத்தா பினாயிலக்கூட குடிப்பாங்க” என்பாள் அவர் மனைவி ஜெய்புன்னிசா. அவள் தையல் வேலை செய்கிறவள். துணியை அளக்காமல் கத்தரி வைப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. அப்படி ஒருவரையே அல்லா அவளுக்கு மாப்பிள்ளையாகக் கொடுத்துவிட்டான்.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தால் அதை மட்டும் மூடி வைத்தா விற்பார்?

விளையாட்டின் பெயர் ‘கப்பல் வருது’. அவர் ஊரில் டச்சுக்காரர்கள் துணி வாங்கிய காலத்துக் கோட்டை ஒன்று பாழடைந்து கிடக்கிறது. அதன் நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, பொட்டலச் சோற்றைப் பிரிக்கும்போது உதித்த யோசனை என்கிறார். துணியில் பாதி கரை, பாதி கடல். மாமல்லபுரத்துச் சங்குக் கடையிலிருந்து வாங்கிவந்த சோழிகளைக் குலுக்கிப் போட்டு நகர வேண்டும். ஆனால் அது தாயமில்லை. ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் வியாபாரி என்று இருந்தால் ஆட்டம் முடிகிறவரை நீங்கள் வியாபாரி. அப்படித்தான் பேச வேண்டும், பேரம் பேச வேண்டும், பொய் சொல்ல வேண்டும். சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசிவிட்டால் உங்கள் முறை போய்விடும். கப்பல் வந்ததும் யாருடைய சரக்கு ஏறுகிறது, யார் கரையில் நிற்கிறார்கள் என்பதில்தான் வெற்றி.

செங்கல்பட்டில், ரயிலடிக்குப் போகும் தெருவில் தாமோதரன் என்பவருக்கு ஓர் அச்சகம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கிற சின்ன அச்சகம். அவர்தான் கட்டங்களையும் சீட்டுகளையும் விதிகளையும் ஈய எழுத்துகளில் கோத்து, மாதிரிக்கு ஒரே ஒரு செட் அடித்துக் கொடுத்தார். கோத்த எழுத்துகளைக் கலைக்காமல் நூல் சுற்றி ஒரு பலகைமேல் வைத்திருந்தார். “கேக்குறதுக்கு ஆளுங்க இருந்தா சொல்லு பாய், அடிச்சிட்டுப் பிரிக்கிறேன். தை முகூர்த்தம் வருது, எழுத்து பத்தாது. மார்கழி கடைசித் திங்கக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பாலயும் ஆளு வரலன்னா, அடிக்காமலே பிரிச்சிடுவேன்” என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பிரிப்பது என்றால் ஒவ்வோர் எழுத்தும் அதனதன் அறைக்குத் திரும்பிப் போய்விடும். பிறகு ‘கப்பல் வருது’ என்று உலகத்தில் எதுவும் இருக்காது, பாயின் தலைக்குள்ளே தவிர.

பாய் முதலில் போனது மாமல்லபுரத்துக்கு. கல்ரதங்களைப் பார்க்கப் பஸ்ஸில் வந்திறங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை உட்காரவைத்து, கரையிலிருந்து கடல்வரை முழு ஆட்டத்தையும் ஆடவிட்டார். பிள்ளைகள் கத்திய கத்தலில் இளநீர்க்காரர் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார். கப்பல் போனது, யாரோ ஜெயித்தார்கள், வாத்தியார் விசில் ஊதினார். “சூப்பர் பாய்!” என்று கையாட்டிவிட்டு எல்லாரும் பஸ் ஏறிவிட்டார்கள். வாரா வாரம் இதே கதைதான்.

ஜெய்புன்னிசா ஒரு நாள் அந்தத் துணியைப் பிடுங்கினாள். கடல் பக்கத்தை உள்ளே மடித்து, ஓரத்தில் ஊசியால் ஓட்டுத் தையல் போட்டாள்.

“பிரியாணிக்கு வாசனை வந்துச்சின்னா மூடியத் தெறந்து காட்டுவாங்களா? அழுத்தி மூடுவாங்க. தெருவே வந்து நிக்கும். கப்பல் தூரத்துல தெரியற வரைக்கும் ஆடட்டும். அத்தோட சுருட்டிகினு வந்துடுங்க.”

பாய்க்கு அது பெரிய வேதனை. பாதி அத்தரைத் தடவச் சொன்னால் எப்படி? ஆனாலும் திங்கட்கிழமை நெருங்குகிறது. கட்டுப்பட்டார்.

கல்பாக்கம் குடியிருப்பில் அப்போதுதான் ஆட்டம் சூடு பிடித்தது. அணுமின் நிலையத்தில் வேலை என்று நாலா திசையிலிருந்தும் வந்திறங்கிய குடும்பங்கள். கணவன்மார்களைக் காலையில் பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். பக்கத்து வீட்டுக்காரியோடு என்ன பேசுவது என்று தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டிருந்த பெண்கள், தோணிக்காரியாகவும் சுங்கக்காரராகவும் ஆனதும் வாய் ஓயாமல் பேசினார்கள். திருநெல்வேலிக்காரி சம்பூர்ணம் தோணிக்காரி. வீட்டில் பால் பொங்குகிற வாசனை வந்தபோது, சொந்தக் குரலில் பேசினால் முறை போய்விடுமே என்று, “ஐயையோ, என் தோணியில தண்ணி ஏறுதுல்லா! எறைச்சுட்டு ஓடி வாரேன்” என்று ஓடினாள். கோயம்புத்தூரிலிருந்து புதிதாய் வந்த லதா, பாயிடம் ஹேர்பின் வாங்குவதற்கே விரலால் காட்டுகிறவள். அவளுக்குத் திருடன் சீட்டு விழுந்தது. அன்று அவள் அடித்த பொய்களைக் கேட்டுப் பாயே வாய் பிளந்தார். தூரத்தில் கப்பல் தெரிகிற கட்டம் வந்ததும் பாய் துணியைச் சுருட்டிவிடுவார். “அவ்ளோதாம்மா ஓசி. மிச்சம் அச்சுல வரும்.”

யாரும் செட் கேட்கவில்லை. “நாளைக்கும் வாங்க பாய்” என்று மட்டும் சொன்னார்கள்.

இதற்கிடையில் பாய், மதுராந்தகத்தில் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று போய், ஒரு வாரம் கழித்து, கெடுவுக்கு முந்தின சனிக்கிழமை திரும்பினார். மூன்றாவது தெருவில் மணியடித்தார். யாரும் வரவில்லை. லதா வீட்டு வராந்தாவில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தார்.

தரையில் சாக்கட்டியால் கரை வரைந்திருந்தார்கள். அதற்கப்பால் கடலையும் வரைந்திருந்தார்கள்! சோழிக்குப் புளியங்கொட்டை. பழைய பத்திரிகை அட்டைகளை வெட்டிச் சீட்டு. பாய் காட்டாத கடலைத் தாங்களே கட்டம் போட்டு, கப்பலைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ருசி பார்க்க வந்தவர்கள் சமையலையே கற்றுக்கொண்டு போய்விட்டார்கள். இனி யார் எதற்காக வாங்க வேண்டும்? ஜெய்புன்னிசாவிடம் என்ன சொல்வது? சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பினார்.

“ஏனுங்க பாய்! போயிறாதீங்க!” லதாதான். வராந்தாவிலிருந்து குதித்து ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே சம்பூர்ணம். அவள் பின்னால் நாலாவது தெருப் பெண்கள். எல்லார் முகத்திலும் சண்டைக் களை.

“நீங்களே சொல்லுங்க பாய். திருடன் கப்பல்ல ஏறலாமுங்களா, கூடாதுங்களா? எங்க தெருவுல ஏறலாம்னுதான் ஆடறோம்.”

“ஏறப்படாது! என் தோணி இல்லாம அவன் எப்படிக் கப்பலுக்குப் போவான்? நாலாவது தெருவுல கேட்டுப் பாரும். அவுஹளும் அதைத்தான் சொல்லுதாஹ” என்றாள் சம்பூர்ணம். அவள் குடியிருப்பது மூன்றாவது தெரு. ஆனால் தோணிக்காரி என்கிற முறையில் கட்சி மாறியிருந்தாள். இரண்டு நாளாக லதாவோடு பேச்சுவார்த்தை இல்லையாம்.

பதில் பாயின் நாக்கு நுனியில் நின்றது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லிப் பழகாத நாக்கு. வாயைத் திறந்தே விட்டார். அப்போது கேரியரில் சுருட்டிவைத்திருந்த துணியின் ஓரத்து ஓட்டுத் தையல் கைக்குத் தட்டுப்பட்டது. வாழ்க்கையில் முதன்முறையாக ஹமீது பாய் ஒரு மாதிரியைக் கொடுக்க மறுத்தார்.

“அது கடல் பக்கத்துல கீதும்மா. ரூல்ஸ்ல தெளிவா போட்டுகீது. அச்சுல வந்தாதான் தெரியும்.”

“எப்பம் வரும்?”

“கேக்குற ஆளு இருந்தா பொங்கலுக்கு வரும். இல்லாங்காட்டி வராது. திங்கக்கிழமை எழுத்தப் பிரிச்சிடுவாங்கோ.”

“பிரிக்கறதாவது! எனக்கு ஒண்ணு போடுங்க” என்றாள் லதா, திருடன் குரலில் இல்லை, சொந்தக் குரலில். “எனக்கும் ஒண்ணு. இவ வீட்டுல போயி இனி நான் ஆடமாட்டேன்” என்றாள் சம்பூர்ணம். நாலாவது தெரு சும்மா இருக்குமா?

திங்கட்கிழமை காலை நாஸ்தாவுக்கு இடியாப்பம் வைத்தாள் ஜெய்புன்னிசா. நடந்ததை மூன்றாம் முறையாகக் கேட்டும் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்டாள்: “அப்ப அந்தத் திருடன் ஏறிடுவானா?”

“பொங்கலுக்கு வரும், பாரு.”

“எங்கிட்டயேவா?” என்று கரண்டியை ஓங்கினாள். பாய் வாயைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

செங்கல்பட்டு அச்சகத்தில் தாமோதரன் பலகைமேலிருந்த எழுத்துக் கட்டின் நூலை அவிழ்த்து வீசியிருந்தார். முதல் வரி அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

“அண்ணாத்த! திங்கக்கிழமை இன்னும் முடியலியே!”

“நீ எங்க வரப்போறன்னு நெனச்சிகினேன் பாய். எத்தினி பேரு கேக்குறாங்க?”

“ரெண்டு தெருவு” என்றார் பாய், மூச்சு வாங்க. “அப்பால எங்க வூடு.”

தாமோதரன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையிலிருந்த வரியை இருந்த இடத்திலேயே செருகினார். கட்டுவதற்கு நூலைத் தேடினார். அது கீழே மை டப்பாவுக்குள் விழுந்து ஊறிக்கிடந்தது. ஹமீது பாய் தன் பையைத் திறந்தார். புதுச் சிவப்பு ரிப்பன் சுருளை எடுத்தார். சாண் கணக்குப் பார்க்காமல் நீளமாக இழுத்து, எழுத்துகளைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.